மொட்டைமாடிச் சண்டைக்கு ஒரு டேப்பும் ஒரு நோட்டும்

எங்கள் கட்டடத்தில் வீடு பன்னிரண்டு, மொட்டைமாடி ஒன்று, அதன் கதவுக்குச் சாவி நான்கு. அந்த நான்கில் ஒன்று யார் கையில் இருக்கிறது என்பது ஆறு ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் நான்தான் சங்கத்தின் செயலாளர்.

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறோம். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கேரளம். பன்னிரண்டில் ஐந்து வீட்டின் பேச்சு மலையாளம். ஆறு வீட்டில் எங்கள் குமரித் தமிழ். மீதி ஒரு வீட்டில் மதுரைத் தமிழ். வங்கி வேலைக்கு மாற்றலாகி வந்தவர்கள். நான் பதிவுத் துறையில் இருபத்தேழு ஆண்டு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். பத்திரம் படிக்கத் தெரியும் என்பதாலும், பொதுக்குழு கூடிய நாளில் காய்ச்சலோடு படுத்திருந்ததாலும் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. இந்த ஆறு ஆண்டில் மொட்டைமாடியை முன்னிட்டு என் வாசலுக்கு வந்த வழக்குகள் ஒன்பது. ஏழு தீர்ந்தன. ஒன்று தானாக ஓய்ந்தது. ஒன்று இன்னும் இருக்கிறது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதல் வழக்கையே எடுத்துக்கொள்வோம். தை மாதம் ஒரு சனிக்கிழமை. இரண்டாம் மாடி அக்கா பாய் விரித்து நல்லமிளகு காயப்போட்டிருந்தார். பாய்க்கு மேலே கட்டியிருந்த கொடியில் மூன்றாம் மாடிச் சேச்சி பிழியாத போர்வையைப் போட்டார். மூன்றாம் நாள் வெயிலில் கறுத்துக்கொண்டிருந்த மிளகின்மேல் சோப்புத் தண்ணீர் சொட்டியது. அக்கா போர்வையைச் சுருட்டித் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்தார். சேச்சி பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். மிளகு உருண்டு, மழைநீர்க் குழாய்க்குள் புகுந்து, கீழே சேகரிப்புக் குழிக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அந்தக் குழியில் நல்லமிளகும் விழும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எடவப்பாதி மழை (ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை) வந்தபோதுதான் குழாய் அடைத்திருப்பது தெரிந்தது. முழங்கால் அளவுக்கு மாடியில் தண்ணீர் நின்றது.

அன்றைக்கே பேச வேண்டாம்

சண்டை நடந்த அன்று செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய் ஒரு சாயா குடித்துவிட்டு, சொல்வதைக் கேட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் திரும்ப வேண்டும். படிக்கட்டில் நின்று பேசக் கூடாது. படிக்கட்டில் பேசினால் பத்து வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் காது இருக்கும். கேட்பவர்கள் இருப்பது தெரிந்தால் யாரும் இறங்கி வர மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது. மிளகுச் சண்டையில் முதல் அரை மணி நேரத்தில் குழுவில் நாற்பது செய்திகள் வந்தன. அவற்றில் மிளகைப் பற்றி மூன்று. மற்றவை வண்டி நிறுத்துவதையும், போன ஓணத்துக்குப் பணம் தராதவரையும், ஒருவருடைய மருமகனையும் பற்றியவை. குழுவில் 'திங்கள்கிழமை மாலை நேரில் பேசுவோம்' என்று மட்டும் போட்டுவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

கேட்கும்போது ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முன்னால் உட்கார்ந்து எழுதினால் பேசுபவர்கள் தானாகவே அளந்து பேசுவார்கள். பதிவு அலுவலகத்தில் நான் கற்ற பாடம் இது. பாகப்பிரிவினைக்கு வரும் அண்ணன் தம்பிகள் வாசலில் கத்துவதை, பேனாவைத் திறந்தவுடன் நிறுத்திவிடுவார்கள்.

எல்லைப்புறத்தில் இருப்பவர்கள் சொற்களையும் கவனிக்க வேண்டும். ஒரு முறை மேல்மாடிச் சேட்டன், "மேலேயிருந்து வெள்ளம் வருகிறது" என்று சொன்னதைக் கேட்டு மதுரைக்காரத் தம்பி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவிட்டார். மலையாளத்திலும் எங்கள் ஊர்ப் பேச்சிலும் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான். தொட்டி நிரம்பி வழிந்திருந்தது, அவ்வளவுதான். சிரித்து முடிந்தது. ஆனால் கோபமாக இருக்கும் நேரத்தில் இதே போன்ற ஒரு சொல் திட்டாகவும் கேட்டுவிடும். அதனால் நான் இரண்டு பக்கமும் "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று ஒரு முறை திருப்பிச் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்வேன்.

மூன்று முறை மேலே ஏறுங்கள்

அடுத்த இரண்டு நாளுக்குள், ஒரே நாளில் மூன்று முறை மாடிக்குப் போக வேண்டும். காலை எட்டுக்கு, நண்பகலில், மாலை நான்குக்கு. கையில் அளவு டேப், சுண்ணக்கட்டி, நோட்டு. எங்கே வெயில் விழுகிறது, எங்கே தொட்டியின் நிழல் விழுகிறது, பக்கத்துத் தோப்பின் தென்னை நிழல் எதுவரை வருகிறது என்று தரையில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். சண்டையிட்ட இரண்டு பேரையும் இதற்குக் கூப்பிடுங்கள். ஒருவர் டேப்பின் ஒரு முனையையும் மற்றவர் மறுமுனையையும் பிடித்தாக வேண்டும். பேச வேண்டிய கட்டாயம் இல்லை, "இழுத்துப் பிடியுங்கள்" என்பதைத் தவிர.

எங்கள் மாடி 3,600 சதுர அடி. படிக்கட்டு அறையும் இரண்டு தண்ணீர்த் தொட்டியும் போக மூவாயிரத்துக்குமேல் மீதி. இரண்டு பெண்களுக்கு மிளகும் போர்வையும் காயப்போட இது போதாதா? அளந்த பிறகுதான் புரிந்தது. தை மாதக் காலை எட்டரை முதல் இரண்டு மணிவரை நிழலே விழாத இடம் தென்கிழக்கு மூலையில் சுமார் 700 சதுர அடி மட்டுமே. பன்னிரண்டு வீட்டுக்கும் கண் அந்த மூலையில்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, இடையிலும் சாரல். மலைப்பக்கம் நெருங்க நெருங்க இன்னும் அதிகம். நம்பி எதையாவது காயவைக்கக் கிடைப்பது தை, மாசி, பங்குனி என்று மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில்தான் நல்லமிளகு பறிக்கிறோம், மரச்சீனி (மரவள்ளி) அவித்து வற்றல் போடுகிறோம், கொப்பரை காயவைக்கிறோம். மொட்டைமாடிச் சண்டை என்று என்னிடம் வந்ததில் பாதிக்குமேல் உண்மையில் வெயிலுக்கான சண்டை. இடத்தைப் பிரிக்கப் போனால் தீராது. நேரத்தைப் பிரித்தால் தீரும். ஆடி மாதத்தில் யாரும் என் கதவைத் தட்டியதே இல்லை.

அளக்கும்போது இன்னொன்றும் கண்டோம். மாடியில் சுமார் 600 சதுர அடியை யாருக்கும் வேண்டாத பொருள்கள் பிடித்துக்கொண்டிருந்தன. உடைந்த கட்டில், கதவு நிலை, இணைப்பு எடுத்துவிட்ட மூன்று டிஷ் ஆண்டெனாக்கள், ஒரு நாய்க்கூடு (கட்டடத்தில் நாயே கிடையாது), மாடித் தரையில் பதிக்கக் கொண்டுவந்து கட்டுமானக்காரர் விட்டுப்போன தட்டோட்டுக் குவியல். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டினேன். பதினாறாம் நாள் ஆக்கர்க் கடைக்காரர் வந்து இரண்டு நடையில் அள்ளிக்கொண்டு போனார். விற்ற காசில் நைலான் கொடி வாங்கினோம். எந்தத் தகராறாக இருந்தாலும் முதலில் குப்பையை அப்புறப்படுத்துங்கள். இடம் கிடைப்பது ஒரு பக்கம். எல்லாரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்து முடித்திருப்பார்கள்.

எதற்கு என்ன வேண்டும்

இனிதான் முக்கியமான பகுதி. 'யார் பக்கம் நியாயம்' என்று கேட்காமல், 'உங்கள் பொருளுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள்.

துணிக்கு நேர்வெயில் வேண்டியதில்லை, காற்று போதும். சாயத் துணி வெயிலில் வெளுத்துத்தான் போகும். ஆகவே கொடிகள் மேற்குப் பக்கத்துக்கு மாறின. அங்கே தோப்பிலிருந்து காற்று வரும், நண்பகலுக்குப் பிறகு வெயிலும் உண்டு. நல்லமிளகுக்கு மூன்று முதல் ஐந்து நாள் நல்ல வெயில் கட்டாயம் வேண்டும், தூசியும் ஈரமும் ஆகாது. மரச்சீனி வற்றலுக்கும் கொப்பரைக்கும் அப்படித்தான். தென்கிழக்கு மூலை அவற்றுக்கு. மிளகு அக்காவுக்கும் போர்வைச் சேச்சிக்கும் இடையே இருந்த வழக்கு இந்த ஒரு மாற்றத்தில் முடிந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. சித்திரையில் சேச்சி வீட்டுச் சக்கை (பலா) வற்றலை அக்காதான் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

ரப்பர் வழக்குக் கொஞ்சம் கடினம். முதல் மாடி அண்ணாச்சிக்குத் திருவட்டார் பக்கம் அரை ஏக்கர் ரப்பர். பால்வெட்டுக்காரர் ரப்பர் பாலை உறையவைத்து அடித்துக் கொடுக்கும் ஷீட்டைத் தோட்டத்தில் வைத்தால் திருட்டுப் போகிறது என்று மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஷீட்டோடு ஒட்டுப்பாலும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் மிச்சப் பால்) வந்தது. ஒட்டுப்பால் நாற்றம் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல்மாடியில் நான்கு வீட்டாரும் சன்னலைத் திறக்கவில்லை.

என் அப்பாவுக்கும் ரப்பர் இருந்தது. அதனால் அண்ணாச்சியிடம் பேச எனக்கு ஒரு வழி இருந்தது. "அண்ணாச்சி, ஷீட்டை இப்படி வெயிலில் போட்டால் ரப்பர் கெட்டுப்போகும் என்று உங்களுக்குத் தெரியாதா? நீர் வடியும்வரை நிழலும் காற்றும்தானே வேண்டும், பிறகு புகைப்புரைதானே?" என்றேன். அவருக்குத் தெரியும். மேலே இடம் பிடித்து வைத்திருப்பதற்காகத்தான் வெயிலில் போட்டிருந்தார். கடைசியில் படிக்கட்டு அறையின் வடக்குச் சுவரோரம், நிழலில், ஒரு நாள் நீர் வடிய மட்டும் இருபது ஷீட் என்று ஒப்புக்கொண்டார். ஒட்டுப்பால் மாடிக்கு வரவே கூடாது. இதில் பேரம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நாற்றத்தை நேரம் பிரித்துக் கொடுக்க முடியாது.

குழந்தைகள் விளையாட்டு, முதியவர்களின் நடை, டிசம்பரில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும் கம்பம் ஆகியவை எளிதாக முடியும். நட்சத்திரத்துக்கு மின்சாரம் அவரவர் வீட்டிலிருந்து, பொதுமீட்டரிலிருந்து கூடாது. இரவு ஒலிக்கு மட்டும் ஒரு சட்டம் நினைவில் இருக்கட்டும்: ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை, குடியிருப்புப் பகுதிக்கு அப்போது வரம்பு 45 டெசிபல், பகலில் 55. இதை எடுத்துச் சொல்ல வேண்டி வந்தது ஒரே ஒரு பிறந்தநாள் விழாவுக்குத்தான்.

பிரமாணத்தில் என்ன எழுதியிருக்கிறது

எங்கள் ஊரில் பத்திரத்தைப் பிரமாணம் என்போம். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை இது திருவிதாங்கூர் மண். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பழைய கட்டுகளில் பாதி மலையாளம். 'பிரமாணத்தில் இருக்கிறது' என்று ஒருவர் சத்தமாகச் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். உண்மையில் இருந்தால் மெதுவாகத்தான் சொல்வார்கள், நகலோடு.

மேல்மாடிச் சேட்டன், மாடியில் தன் வீட்டுக்கு நேர்மேலே உள்ள பகுதி தனக்கே சொந்தம் என்றார். கட்டியவர் விற்கும்போது அப்படித்தான் சொன்னாராம். பன்னிரண்டு பத்திரங்களின் நகலையும் வாங்கி ஒரு மேசையில் பரப்பினேன். பார்க்க வேண்டியவை மூன்று. சொத்து விவரத்தில் பிரிபடாத பங்கு, அதாவது மனையில் அந்த வீட்டுக்கு உள்ள பங்கு, எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறது. பொதுப் பகுதிகள் என்ற பட்டியலில் மொட்டைமாடி இருக்கிறதா. எந்த ஒரு வீட்டுக்காவது திறந்த மாடியைத் தனி உரிமையாகக் கொடுத்து, அளவோடும் நான்கு எல்லையோடும் எழுதியிருக்கிறதா. மூன்றாவது இருந்தால் பேச்சு வேறு. அதைச் சங்கம் தீர்மானம் போட்டுப் பிடுங்க முடியாது. இல்லையென்றால் வாய்ச்சொல் வாய்ச்சொல்தான். சேட்டன் பத்திரத்தில் இல்லை. இன்னொன்றையும் சரிபாருங்கள்: பன்னிரண்டு பங்கையும் கூட்டினால் மனையின் மொத்த அளவு வர வேண்டும். குறைந்தால், மீதியைக் கட்டியவர் தன் பெயரிலேயே வைத்திருக்கிறார் என்று பொருள். பிற்காலத்தில் மேலே இன்னொரு மாடி எழுப்ப வருபவர்கள் அந்த ஓட்டை வழியாகத்தான் வருவார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பொதுப் பகுதிகளைப் பட்டியலிடும்போது மொட்டைமாடியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றிய 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ வீடு வாங்கியவர்களுக்குக் கேரளத்தின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே கேட்டதை அங்கே போய்ச் சொல்லாதீர்கள். பத்திரத்தைப் படித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகவும் வேண்டாம். சேட்டனிடம் நான் பத்திரத்தைக் காட்டியது அவர் வீட்டுக்குள், அவர் மனைவிகூடச் சமையலறையில் இருந்தபோது. எல்லாருக்கும் முன்னால் காட்டியிருந்தால் அந்த மனிதர் இன்றுவரை என்னோடு பேசியிருக்க மாட்டார்.

கூரைக்குக் கீழே இருப்பவர்

உரிமை இல்லை என்றாலும் மேல்மாடிக்காரருக்குக் குறை உண்டு. அதை ஒதுக்கிவிட்டால் எந்தத் தீர்ப்பும் நிற்காது. மற்றவர்களுக்கு அது மொட்டைமாடி. அவருக்கு அது கூரை. மாசியில் சூடு இறங்குவதும், ஐப்பசியில் கசிவு இறங்குவதும் அவர் தலையில். சேட்டன் "எனக்குச் சொந்தம்" என்று சொன்னது, "இங்கே யாரும் தண்ணீர் ஊற்றாதீர்கள்" என்பதைத்தான். அவர் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூஞ்சை படிந்திருந்தது. அதற்கு நேர்மேலே ஒரு வீட்டார் செங்கல் அடுக்கி, ஓர் அடி உயரத்துக்கு மண் கொட்டிக் கீரைப்பாத்தி போட்டிருந்தார்கள்.

செடி வைப்பவர்கள் இந்தக் கணக்கை அறிந்திருக்க வேண்டும். ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டையான கூரைக்கு, இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் புழக்கச் சுமை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நனைந்த மண் ஓர் அடி உயரத்துக்குக் கிடந்தால் அதே ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 500 கிலோ. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். கீரைக்காரத் தங்கையிடம் நான் "எடுத்துவிடு" என்று சொல்லவில்லை. இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினேன். அவரே மறுவாரம் மண்ணை அள்ளிச் சாக்கில் கட்டினார். இப்போது தேங்காய் நார்க்கழிவு கலந்த இலேசான பைகள், கைப்பிடிச் சுவரோரமாக, சுவரும் உத்தரமும் வரும் இடத்துக்கு மேலே மட்டும், செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கி. தண்ணீர் பூவாளியால் மட்டும், குழாய் கிடையாது.

இதோடு சேட்டனுடன் ஓர் ஒப்பந்தம் செய்தோம். மற்ற கட்டடங்களுக்கும் இதையே சொல்வேன். கூரை பொது என்றால் அதன் செலவும் பொது. தட்டோட்டைப் பெயர்த்து, நீர்க்கசிவுப் பூச்சு பூசி, மறுபடி பதித்த செலவைப் பன்னிரண்டு வீடும் சமமாகப் பங்கிட்டன. தரைமட்ட வீட்டார் "எங்களுக்கு என்ன ஒழுகுகிறது?" என்று கேட்டார்கள். மேலே மிளகு காயப்போட உரிமை வேண்டுமென்றால் கசிவிலும் பங்கு உண்டு என்றேன். பதிலுக்குச் சேட்டன் மாடியில் யார் நடந்தாலும் கீழேயிருந்து குச்சியால் தட்டுவதை நிறுத்தினார்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். கசிவுத் தகராறு முற்றியபோது கோபத்தில் மாடிக் கதவைப் பூட்டி மூன்று சாவியையும் என் அலமாரியில் வைத்துக்கொண்டேன். பத்து நாள். ஐந்தாம் நாள் இரவு தொட்டியின் மிதவை கெட்டு, தண்ணீர் வழிந்து, நான் ஊரில் இல்லாததால் யாராலும் மேலே போக முடியவில்லை. விடிய விடிய வழிந்த தண்ணீர் நேராகச் சேட்டன் வீட்டுக்குள் இறங்கியது. கீழே தீப்பிடித்துப் படிக்கட்டில் புகை ஏறினால் மாடிதான் தப்பிக்கும் இடம் என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. பூட்டுவது ஒருநாளும் தீர்வாகாது. இப்போது கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும்.

சோலார் வந்தபோது

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் அறிவித்ததும் முதல் மாடித் தம்பி ஒருவர் 3 கிலோவாட் வைக்கப் போவதாக வந்து நின்றார். தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். ஆசைப்பட்டது தவறில்லை. ஆனால் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத கூரை வேண்டும். பன்னிரண்டு வீடும் ஆளுக்கு மூன்று வைத்தால் 3,600 சதுர அடி. எங்கள் மொட்டைமாடி முழுவதும், தொட்டியையும் சேர்த்து! ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் நிழலில்லாத அந்த ஒரே மூலையில் கிட்டத்தட்டப் பாதி இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் போய்விடும்.

சோலார் தகராறில் இதை முதலில் பாருங்கள்: மற்றவை எல்லாம் மாலையில் எடுத்துவிடக்கூடியவை, இது எடுக்க முடியாதது. எடுக்க முடியாத எதையும் ஒரு வீட்டின் பெயரில் அனுமதிக்க வேண்டாம். பொதுப் பயன்பாட்டுக்கு, அதாவது மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்குகளுக்குச் சங்கத்தின் பெயரில் வைத்தால் அதே திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. தரையில் பரப்பாமல், எட்டடி உயரத் தூண்களில் ஏற்றி வைக்கச் சொன்னோம். அடியில் விழும் நிழலில் இப்போது அண்ணாச்சியின் ஷீட் நீர் வடிகிறது, மழைநாளில் துணியும் தொங்குகிறது. தம்பிக்கு முழு மனத்திருப்தி இல்லை. பராமரிப்புச் சந்தா கொஞ்சம் குறைந்ததில் பாதி மனத்திருப்தி.

ஒரு பக்கம் போதும்

முடிவானதை ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுடையது ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். இரண்டு பக்கத்தையும் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒப்பிட வைத்தேன். அதிலிருந்து சில வரிகள்:

'தை 1 முதல் பங்குனி 30 வரை தென்கிழக்கு மூலை உணவுப் பொருள் காயவைக்க மட்டும். காலை 8 முதல் மாலை 4 வரை. ஒரு வீட்டுக்கு ஒரு பாய், தொடர்ந்து ஐந்து நாள். பிறகு அடுத்த வீடு. முறைவரிசை நோட்டு முதல் மாடி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும். துணி மேற்குக் கொடியில், பிழிந்த பிறகு. மாலை 5 முதல் 7 வரை குழந்தைகளுக்கு. அந்த நேரத்தில் கீழே எதுவும் விரிக்கக் கூடாது. முறை தவறினால் முதல் முறை நேரில் சொல்வோம், இரண்டாம் முறை எழுத்தில்.'

அபராதம் எழுதவில்லை. எழுதினால் வசூலிக்க ஆள் வேண்டும், அந்த ஆள் நானாக இருப்பேன்.

கையெழுத்து வாங்கும்போது வாடகைக்காரர்களை விட்டுவிடாதீர்கள். உரிமையாளர் வளைகுடாவில் இருப்பார். மாடியில் துணி காயப்போடுவது வாடகைக்காரர். தாளைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. சங்கத்தின் தீர்மான நோட்டில் ஒட்டி, தேதி போட்டு, வந்திருந்தவர்கள் கையெழுத்திட்டால் போதும். ஆனால் மாடியின் ஒரு பகுதியை ஒரு வீட்டுக்கு நிரந்தரமாக ஒதுக்குவதோ, மேலே அறை கட்டுவதோ பெரும்பான்மைத் தீர்மானத்தால் ஆகாது. ஒவ்வொருவர் பத்திரத்திலும் உள்ள பங்கு அது.

பேசி முடிக்க நடுவர் தேவைப்பட்டால், ஊர் வழக்கப்படி பங்குத்தந்தையையோ கோயில் நிர்வாகியையோ கூப்பிடத் தோன்றும். எல்லாரும் ஒரே கூட்டமாக இருக்கும் கட்டடத்தில் அது சரி. எங்களைப் போலக் கலந்து வாழும் இடத்தில் வேண்டாம். தோற்றவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்வார். ஆளுக்கொருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அந்த இரண்டு பேரும் உட்காரட்டும்.

பேச்சு உடைந்தால்

எனக்கு உடைந்தது ஒன்று. ஒருவர் மாடியில் இரும்புத் தகடு போட்டு ஓர் அறை எழுப்பி, பூட்டிப் பொருள் வைத்திருக்கிறார். இரண்டு முறை நேரில், இரண்டு முறை எழுத்தில் சொல்லியாயிற்று. காவல் நிலையத்துக்குப் போனால் உரிமையியல் விவகாரம் என்பார்கள், அது சரியும்கூட. அடிதடியோ மிரட்டலோ இருந்தால்தான் அங்கே வேலை.

நேராக வழக்குப் போடுவதற்கு முன்னால் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். எங்களுக்குக் குழித்துறை நீதிமன்ற வளாகத்தில் வட்டக் குழு. நாகர்கோவிலில் மாவட்ட ஆணைக்குழு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தவை இவை. வழக்குத் தொடராத தகராறையும் மனுவாக எடுத்து, எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு, மக்கள் நீதிமன்றத்தில் வைப்பார்கள். கட்டணம் இல்லை. இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு முடிவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஒருவர் வராவிட்டாலோ மறுத்தாலோ அங்கே முடியாது; பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக் கட்டளை (ஒன்றைச் செய் அல்லது செய்யாதே என்னும் உத்தரவு) கேட்டுப் போக வேண்டியதுதான். அதற்கு ஆண்டுகள் ஆகும். அப்போது கையில் இருக்க வேண்டியவை: பன்னிரண்டு பத்திர நகல்கள், தேதியிட்ட படங்கள், அளந்த வரைபடம், தீர்மான நோட்டு, ஒப்புகைச் சீட்டோடு அனுப்பிய கடிதங்கள். முதல் நாளிலிருந்து நோட்டில் எழுதியவர்களுக்கு இவற்றில் பாதி தயாராகவே இருக்கும்.

எங்கள் மனு போன மாதம் கொடுத்தாயிற்று. தகட்டு அறைக்காரர் முதல் அழைப்புக்கு வரவில்லை. இரண்டாம் அழைப்புக்கு முந்தைய நாள் இரவு என் வீட்டுக்கு வந்து, உள்ளே இருக்கும் பொருளை எடுக்கச் சித்திரைவரை அவகாசம் கேட்டார். அதையும் தேதி போட்டு எழுதி, கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். பேச்சுவாக்கில், நான்காவது சாவி அவரிடம்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.